பாலூட்டிகளின் முட்டைச்செல்லில் உள்ள நியூக்ளியோலஸ்: அதன் உள்ளே இருப்பதை எப்படி அறிவது?

நியூக்ளியோலஸ் என்றால் ரைபோசோம் தயாராகும் இடம் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். கல்லீரல், தோல், குடல் என எந்த உடற்செல்லுக்கும் அது பொருந்தும். முழுமையாக வளர்ந்து முதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் முட்டைச்செல்லுக்கு மட்டும் பொருந்தாது. அங்கேயும் நியூக்ளியோலஸ் இருக்கிறது, உடற்செல்லில் உள்ளதைவிடப் பெரிதாகவும் இருக்கிறது. ஆனால் ரைபோசோம் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். அப்படியானால் அந்தப் பெரிய உருண்டை எதனால் ஆனது? முட்டைச்செல் அதை ஏன் வைத்திருக்கிறது? இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது: இந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லும் பதில், எந்த முறையில் பார்த்தோம் என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும்.

முதலில் உடற்செல்லின் நியூக்ளியோலஸைப் பார்ப்போம். மின்னணு நுண்ணோக்கியில் அதில் மூன்று பகுதிகள் தெரியும். நடுநடுவே வெளிறிய சிறு திட்டுகளாக இழை மையங்கள். அவற்றைச் சுற்றி அடர்ந்த இழைப் பகுதி. அதற்கு வெளியே மணல் தூவியதுபோன்ற துகள் பகுதி. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் இழை மையங்களிலும் அவற்றின் விளிம்பிலும் இருக்கின்றன. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 என்ற நொதி அங்கே 47எஸ் என்ற நீண்ட முன்னோடி ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அந்த இழை வெட்டப்பட்டும் சீர்செய்யப்பட்டும் வெளிநோக்கி நகரும்போது 18எஸ், 5.8எஸ், 28எஸ் ஆகிய மூன்று ஆர்.என்.ஏ.க்களாகிப் புரதங்களோடு சேர்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளப் புரதம் உண்டு. மையத்துக்கு யூ.பி.எஃப்., அடர்ந்த இழைப் பகுதிக்கு ஃபைப்ரில்லாரின், துகள் பகுதிக்கு நியூக்ளியோஃபாஸ்மின். ஆகவே இந்த மூன்று பகுதி அமைப்பு, வேலை நடக்கும் ஒழுங்கின் வடிவம் என்றே சொல்லலாம். வேலை நின்றால் வடிவமும் மாறிவிடும்.

முட்டைச்செல்லில் நடப்பது அதுதான். அண்டகத்தில் ஃபாலிக்கிளோடு, அதாவது தன்னைச் சூழ்ந்திருக்கும் செல்பையோடு, சேர்ந்து வளரும் காலத்தில் முட்டைச்செல்லின் நியூக்ளியோலஸ் மும்முரமாக இயங்குகிறது. மூன்று பகுதிகளும் தெளிவாக இருக்கும். வளர்ச்சி முடியும் தறுவாயில் படியெடுத்தல் அடங்கிவிடும். இழை மையங்கள் விளிம்புக்கு ஒதுங்குகின்றன, துகள் பகுதி மறைகிறது. எஞ்சுவது ஒரே சீரான, அடர்த்தியான, உட்பிரிவு எதுவும் தெரியாத ஓர் உருண்டை. வேலை செய்யும் நியூக்ளியோலஸோடு குழம்பாமல் இருக்க இதை நியூக்ளியோலஸ் போன்ற உடல் என்று குறிப்பிடுவார்கள். கருவுற்ற பிறகு விந்தணு, முட்டை ஆகிய இரண்டின் முன்உட்கருக்களிலும், அதாவது ஒன்றுசேரும் முன் தனித்தனியாக இருக்கும் உட்கருக்களிலும், இதேபோன்ற சிறு உருண்டைகள் தோன்றும். அவற்றுக்கு நியூக்ளியோலஸ் முன்னோடி உடல்கள் என்று பெயர்.

எலியின் அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். முழுமையாக வளர்ந்த எலி முட்டைச்செல்லின் விட்டம் ஏறக்குறைய 75 மைக்ரோமீட்டர். அதன் பெரிய உட்கரு, அதாவது ஜெர்மினல் வெசிக்கிள், சுமார் 25 மைக்ரோமீட்டர். அதனுள் இருக்கும் நியூக்ளியோலஸ் சுமார் 10 மைக்ரோமீட்டர். சாயம் எதுவும் இல்லாமல் சாதாரண ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியிலேயே அது வட்டமாக, விளிம்பு தீர்க்கமாகத் தெரியும். ருடால்ஃப் வாக்னர் 1835-இலேயே முட்டைச்செல்லுக்குள் இந்தப் புள்ளியைக் கண்டு எழுதினார் என்பதில் வியப்பில்லை. 10 மைக்ரோமீட்டர் உருண்டையின் கன அளவு சுமார் 520 கன மைக்ரோமீட்டர், அதாவது அரை பிக்கோலிட்டர். இந்த எண் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

எல்லா முட்டைச்செல்லும் ஒரே நிலையில் இருப்பதில்லை

ஒரே அண்டகத்திலிருந்து எடுத்த, ஒரே அளவுள்ள இரண்டு எலி முட்டைச்செல்களில் நியூக்ளியோலஸ் இரண்டு வேறு நிலைகளில் இருக்கலாம். டி.என்.ஏ.வோடு ஒட்டும் ஹெக்ஸ்ட் 33342 சாயத்தை இட்டால் வேறுபாடு உடனே தெரியும். ஒரு வகையில் குரோமாட்டின், அதாவது டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த பொருள், உட்கரு முழுவதும் பரவியிருக்கும், நியூக்ளியோலஸைச் சுற்றி வளையம் இருக்காது. இதற்கு என்.எஸ்.என். (சூழப்படாத நியூக்ளியோலஸ்) வகை என்று பெயர். மற்றதில் அடர்ந்த குரோமாட்டின் நியூக்ளியோலஸைச் சுற்றிப் பளிச்சென்ற வளையமாக அமைந்திருக்கும். இது எஸ்.என். (சூழப்பட்ட நியூக்ளியோலஸ்) வகை. முதல் வகையில் படியெடுத்தல் இன்னும் நடக்கிறது, இரண்டாவதில் அடங்கிவிட்டது. வளர்ச்சித் திறனிலும் வேறுபாடு பெரிது: என்.எஸ்.என். வகை முட்டைகள் முதிர்ந்து கருவுற்றாலும், கரு பெரும்பாலும் இரண்டு செல் நிலையிலேயே நின்றுவிடும்.

இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகக் கலந்து எடுத்த அளவீடுகளால் பயனில்லை. ‘நியூக்ளியோலஸில் பாதியளவு ஆர்.என்.ஏ. தயாராகிறது’ என்பதுபோன்ற முடிவு வந்தால், பாதி செல்கள் முழுமையாக இயங்குகின்றன, மீதிப் பாதி முற்றிலும் நின்றுவிட்டன என்பதே உண்மையாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் அதன் குரோமாட்டின் வகையைக் குறித்துவிட்டுத்தான் மற்ற அளவீட்டுக்குப் போக வேண்டும். உயிருள்ள செல்லில் பிரிக்க வேண்டுமானால் ஹெக்ஸ்ட் சாயத்தை மிகக் குறைவாக, மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம் அளவில் 10 நிமிடம் இட்டு, புற ஊதா ஒளியை ஓரிரு நொடிகளுக்கு மேல் காட்டாமல் பார்க்க வேண்டும். அதிக ஒளி பட்டால் டி.என்.ஏ. சேதமாகிவிடும், அந்தச் செல்லைக் கொண்டு பிறகு செய்யும் வளர்ச்சிச் சோதனைக்கு மதிப்பிருக்காது.

தொடக்கத்தில் பலர் வளையத்தைத் தவறாகப் படிக்கிறார்கள். டி.என்.ஏ. சாயத்தில் நியூக்ளியோலஸின் உட்பகுதி கறுப்பாகத் தெரிவது சரியான காட்சி. அங்கே கண்ணில்படும் அளவுக்கு டி.என்.ஏ. கிடையாது, ரைபோசோம் மரபணுக்களும் விளிம்பில்தான் ஒட்டியிருக்கின்றன. அதே கறுப்பு உட்பகுதி புரதச் சாயத்தில் தெரிந்தால் பொருள் முற்றிலும் வேறு. அதற்குப் பிறகு வருகிறோம்.

செல்களைச் சேகரித்தல்

எலியில் வழக்கமான முறை இது. விலங்கு நெறிக்குழுவின் அனுமதி பெற்ற பிறகு, பெண் எலிக்கு 5 அலகு பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் செலுத்தி 44 முதல் 48 மணி நேரத்தில் அண்டகத்தை எடுத்து, பெரிய ஃபாலிக்கிள்களை ஊசியால் குத்தி முட்டைச்செல்களை வெளியேற்றுவார்கள். சுற்றியுள்ள கியூமுலஸ் செல்களைக் குறுகிய பிப்பெட்டால் ஏற்றி இறக்கி நீக்கலாம்.

இங்கே நேரம்தான் எதிரி. ஃபாலிக்கிளை விட்டு வெளியே வந்த எலி முட்டைச்செல் தானாகவே முதிரத் தொடங்கும். ஓரிரு மணி நேரத்துக்குள் உட்கரு உறை கலைந்து, நியூக்ளியோலஸும் கரைந்து காணாமல் போய்விடும். அதைத் தடுக்க, எம்2 மீடியத்தில் தொடக்கத்திலிருந்தே 0.2 மில்லிமோலார் ஐ.பி.எம்.எக்ஸ். அல்லது 2.5 மைக்ரோமோலார் மில்ரினோன் இருக்க வேண்டும். இவை செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவு குறையாமல் காக்கும். அது உயர்ந்திருக்கும்வரை செல் அதே நிலையில் காத்திருக்கும். அண்டகத்தைக் குத்தும்போது சாதாரண மீடியத்தில் வைத்துவிட்டு, செல்களைப் பொறுக்கிய பிறகு தடுப்பியைச் சேர்ப்பது வழக்கமான தவறு. அதற்குள் சில செல்கள் முதிர்ச்சிப் பாதையில் இறங்கியிருக்கும். நியூக்ளியோலஸ் சுருங்கியோ விளிம்பு மங்கியோ தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பன்றி, மாடு ஆகியவற்றின் முட்டைச்செல்களில் கொழுப்புத் துளிகள் நிறைய இருப்பதால் உட்புறம் இருண்டிருக்கும், உட்கருவே தெரியாது. செல்களைச் சில நிமிடங்கள் அதிவேக மையவிலக்கியில் சுழற்றினால் கொழுப்பு ஒரு பக்கமாக ஒதுங்கும், உட்கருவும் நியூக்ளியோலஸும் கண்ணுக்குப் புலப்படும்.

ஒளிரும் வளையம் சொல்லும் பொய்

புரதத்தைத் தேட, குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி முறையைத்தான் எல்லோரும் முதலில் கையில் எடுப்பார்கள். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 20 முதல் 30 நிமிடம் நிலைப்படுத்தி, 0.5 சதவீத ட்ரைடான் எக்ஸ்-100 கொண்டு சவ்வுகளில் துளையிட்டு, அல்புமினில் ஊறவைத்து, முதல் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுவதும் வைப்பார்கள். மூன்று முறை கழுவிய பிறகு ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம். உடற்செல்லில் இது அருமையாக வேலை செய்யும். முழுமையாக வளர்ந்த முட்டைச்செல்லில் நியூக்ளியோஃபாஸ்மினையோ ஃபைப்ரில்லாரினையோ தேடினால், நியூக்ளியோலஸைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் தெரியும், உள்ளே கும்மிருட்டு. அல்லது ஒன்றுமே தெரியாது.

இந்தப் படத்தை நம்பித்தான், முட்டைச்செல் நியூக்ளியோலஸில் வழக்கமான நியூக்ளியோலஸ் புரதங்கள் இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. உண்மையில் அந்த உருண்டை அவ்வளவு அடர்த்தியானது. ஆன்டிபாடியின் எடை ஏறக்குறைய 150 கிலோடால்டன், இவ்வளவு அடர்ந்த பொருளுக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதல்ல. காய்ந்து இறுகிய களிமண் உருண்டையின் மேல் மையை ஊற்றினால் தோல் மட்டும்தான் கறைபடும். ஆன்டிபாடிக்கும் அதே கதிதான். பாராஃபார்மால்டிஹைட் புரதங்களை ஒன்றோடொன்று பிணைப்பதால் இறுக்கம் இன்னும் கூடுகிறது.

உள்ளே உண்மையில் எதுவும் இல்லையா, அல்லது ஆன்டிபாடி நுழையவில்லையா என்பதைப் பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு. முதல் வழி மிக எளிது, ஆனாலும் பலர் செய்வதில்லை: எல்லாப் புரதங்களோடும் ஒட்டும் சிறிய சாயம் ஒன்றை, எடுத்துக்காட்டாக ஃப்ளுவோரசீன் ஐசோதயோசயனேட்டை, ஒரு தொகுதி செல்களுக்கு மட்டும் இடுங்கள். அதன் மூலக்கூறு எடை 0.4 கிலோடால்டன்கூட இல்லை. தடையின்றி உள்ளே போகும். நியூக்ளியோலஸின் உட்பகுதி முழுவதும் பிரகாசமாக ஒளிரும். செல்லிலேயே மிக அடர்ந்த புரதத் திரட்சி அங்கேதான் என்பது அந்தப் படத்தில் விளங்கும்.

இரண்டாவது வழி, நிலைப்படுத்திய செல்லைப் ப்ரோட்டினேஸ் கே நொதியால் அளவாகச் செரித்து, பிணைப்பைத் தளர்த்திய பிறகு ஆன்டிபாடி இடுவது. 2015-இல் வெளிவந்த எலி முட்டைச்செல் ஆய்வு ஒன்று இந்த வழியில்தான், உள்ளே நியூக்ளியோஃபாஸ்மின், ஃபைப்ரில்லாரின் உள்ளிட்ட முக்கியப் புரதங்கள் இருப்பதைக் காட்டியது. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மட்டும் மிகக் குறைவாக இருந்தது. இந்த முறையில் கைப்பக்குவம் தேவை. நொதி குறைந்தால் பழைய வளையமே திரும்ப வரும். கூடினால் நியூக்ளியோலஸே கரைந்து ஓட்டையாகத் தெரியும். வாங்கிய ஒவ்வொரு குப்பி நொதிக்கும் வீரியம் மாறுவதால், புத்தகத்தில் உள்ள அளவை அப்படியே நம்ப முடியாது. ஐந்தாறு நேர அளவுகளை வரிசையாக வைத்து, ஃபேஸ் கான்ட்ராஸ்டில் உருண்டையின் விளிம்பு சற்றே இளகத் தொடங்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: ஒரு புரதத்துக்குப் பொருந்திய நேரம் இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை, ஆன்டிபாடி அடையாளம் காணும் துண்டையே நொதி தின்றிருக்கலாம்.

மூன்றாவது வழி, செல்லை மெல்லிய தகடுகளாக வெட்டி, தகட்டின் மேற்பரப்பில் ஆன்டிபாடி இடுவது. வெட்டியதும் உட்பகுதி வெளியே வந்துவிடுவதால் நுழையும் சிக்கல் இல்லை. தங்கத் துகள் பொருத்திய ஆன்டிபாடியோடு மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பது இந்த வகை.

கன்ஃபோகல் நுண்ணோக்கியாலும் பிழை நேரும். எலி முட்டைச்செல்லின் நடுப்பகுதி கண்ணாடியிலிருந்து 40 மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எண்ணெய் லென்ஸால் நீர் ஊடகத்துக்குள் அவ்வளவு ஆழம் பார்த்தால் ஒளி சிதறி உட்பகுதி மங்கும்; அதை வெறுமை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் அல்லது சிலிகான் லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். செல்லைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்குவதும் வேண்டாம். உருண்டை தட்டையாகிவிட்டால் விட்டத்தை அளந்து கன அளவு கணக்கிடுவது வீண். விட்டத்தில் 10 சதவீதம் பிழை வந்தால் கன அளவில் அது 30 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

ஆர்.என்.ஏ. தயாராகிறதா?

இதற்கு எதினைல் யூரிடின் வசதியானது. உயிருள்ள செல்லை ஒரு மணி நேரம் அதில் வைத்தால், புதிதாகப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் அது சேர்ந்துகொள்ளும். பிறகு நிலைப்படுத்தி, சிறிய ஒளிர்சாயத்தை வேதிவினை மூலம் அதோடு இணைக்கலாம். சாயம் சிறியது என்பதால் அடர்ந்த உருண்டைக்குள்ளும் போகும். வளரும் முட்டைச்செல்லில் நியூக்ளியோலஸ் பளிச்சென்று ஒளிரும், எஸ்.என். வகையில் ஒளி இருக்காது. ஒளிர்வது ரைபோசோம் ஆர்.என்.ஏ.தான் என்று உறுதிசெய்ய, மில்லிலிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம் போன்ற குறைந்த அளவு ஆக்டினோமைசின் டி இட்ட ஒரு தொகுதி இணையாக இருக்க வேண்டும். அந்த அளவில் அது பாலிமரேஸ் 1-ஐ முதன்மையாக முடக்கும். எஸ்.என். செல்களில் ஒளி இல்லை என்று எழுதுவதற்கு முன், அதே தட்டில் அதே நாளில் வளரும் செல்கள் ஒளிர்ந்தனவா என்று பாருங்கள். அவையும் ஒளிரவில்லை என்றால் வேதிவினைதான் தோற்றிருக்கிறது.

மின்னணு நுண்ணோக்கிக்கு 2.5 சதவீத குளூட்டரால்டிஹைட், பிறகு 1 சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு, அதன்பின் ரெசினில் பதித்தல். 70 நானோமீட்டர் தடிமனில் வெட்டினால் ஒரு முட்டைச்செல்லுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வரும். நியூக்ளியோலஸ் அவற்றில் சுமார் 140-இல் மட்டுமே இருக்கும். அதனால் முதலில் 1 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டி, டொலுய்டின் நீலம் இட்டு ஒளி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே போய், நியூக்ளியோலஸ் தென்பட்ட பிறகு மெல்லிய வெட்டுக்கு மாறுவார்கள்.

உருண்டையையே வெளியே எடுத்துவிடலாம்

முட்டைச்செல்லில் மட்டும் கிடைக்கும் பெரிய வசதி இது. சைட்டோகலாசின் கலந்த மீடியத்தில் செல்லின் உள்கட்டமைப்பு இளகிவிடும். அப்போது நுண்பிப்பெட்டால் நியூக்ளியோலஸை மட்டும் முழுதாக உறிஞ்சி எடுக்க முடியும். எடுத்ததை நேரடியாகப் பகுப்பாய்வு செய்யலாம். ஆனால் அளவு மிகச் சிறிது. புரத அடர்த்தி மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், அரை பிக்கோலிட்டர் உருண்டையில் இருப்பது 0.1 நானோகிராம்தான். நூறு உருண்டைகளைச் சேர்த்தால் 10 நானோகிராம், அதுவும் பல புரதங்களாகப் பிரிந்து கிடக்கும். வெள்ளிச் சாயமிட்ட ஜெல்லில் ஒரு கோடு தெரியவே ஏறக்குறைய ஒரு நானோகிராம் வேண்டும். ஆகவே நூற்றுக்கணக்கில் சேகரிக்காமல் முடியாது. பிப்பெட்டோடு உட்கருச் சாறும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், அதே கன அளவு உட்கருச் சாற்றைத் தனியாக எடுத்து ஒப்பிட்டால்தான் எது நியூக்ளியோலஸின் புரதம் என்று சொல்ல முடியும்.

எடுத்த பிறகு முட்டைச்செல்லுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. 2008-இல் வெளியான ஆய்வின்படி, நியூக்ளியோலஸ் நீக்கப்பட்ட பன்றி, எலி முட்டைச்செல்கள் வழக்கம்போல முதிர்ந்தன. அவற்றிலிருந்து உருவான கருக்களில் நியூக்ளியோலஸ் தோன்றவே இல்லை; வளர்ச்சியும் தொடக்கத்திலேயே நின்றது. நியூக்ளியோலஸைத் திரும்பச் செலுத்தியபோது வளர்ச்சி மீண்டது. அதாவது கருவின் முதல் நியூக்ளியோலஸுக்கான பொருள் முழுக்கத் தாயிடமிருந்தே வருகிறது.

ரைபோசோம் இல்லாததால்தான் கரு நின்றது என்று முதலில் தோன்றும். 2014-இல் செய்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. முன்உட்கருக்கள் உருவான பிறகு, கருவுற்ற முட்டையிலிருந்து நியூக்ளியோலஸ் முன்னோடி உடல்களை நீக்கினாலும் கரு புதிதாக நியூக்ளியோலஸை உருவாக்கிக்கொண்டு வளர்ந்தது. ஆகவே இந்தப் பொருள் இன்றியமையாததாக இருப்பது கருவுற்ற உடனே வரும் ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும்.

அந்த இடைவெளியில் நடக்கும் வேலையை 2017-இன் எலி ஆய்வு தெளிவாக்கியது. பிரித்தெடுத்த உருண்டைகளின் புரதப் பகுப்பாய்வில் நியூக்ளியோபிளாஸ்மின் 2 மேலோங்கி நின்றது. இந்தப் புரதம் இல்லாத எலிகளின் முட்டைச்செல்லில் நியூக்ளியோலஸ் சரியாக உருவாவதில்லை என்பது 2003 முதலே தெரியும். நியூக்ளியோலஸ் இல்லாத முட்டையிலிருந்து வந்த கருவில், குரோமோசோமின் மையப்பகுதியை ஒட்டிய அடர் குரோமாட்டின் சரியாக அமையவில்லை. முதல் செல் பிரிதல் தாமதமாகிறது, குரோமோசோம்கள் தவறாகப் பிரிகின்றன. நியூக்ளியோபிளாஸ்மின் 2 என்ற ஒரே புரதத்தைத் தயாரிக்கச் செய்ததும் உருண்டை மீண்டும் உருவானது, முதல் பிரிதல் சீரானது, குட்டிகளும் பிறந்தன. ஐந்து மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து வளையமாகும் திறனை இழந்த வடிவத்தால் அது முடியவில்லை.

எனவே இந்த உருண்டையைச் செயலிழந்த ரைபோசோம் ஆலை என்று அழைப்பது போதாது. பெற்றோர் இருவரின் குரோமாட்டினும் முதன்முதலாகச் சாய்ந்து ஒழுங்காகும் புரத மேடை என்பதே பொருத்தம். ரைபோசோம் தயாரிப்பு பிறகுதான் தொடங்கும்: எலியில் இரண்டு செல் நிலையின் பிற்பகுதியில், மனிதரில் நான்கு முதல் எட்டு செல் நிலையில், மாட்டில் எட்டு முதல் பதினாறு செல் நிலையில். ஆகையால் ஒரு விலங்கின் கால அட்டவணையை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. மாட்டுக் கருவில் நான்கு செல் நிலையில் பாலிமரேஸ் 1 செயல்படவில்லை என்றால் அது குறைபாடு ஆகாது.

தொடங்குபவர்களுக்கு ஏற்ற முதல் சோதனை: எலியின் முழுமையாக வளர்ந்த முட்டைச்செல்கள் முப்பது, இன்னும் வளரும் செல்கள் முப்பது. இரண்டு வகையையும் மூன்று பங்காக்கி, ஒன்றுக்கு மொத்தப் புரதச் சாயம், ஒன்றுக்கு நேரடியாக நியூக்ளியோஃபாஸ்மின் ஆன்டிபாடி, ஒன்றுக்குப் ப்ரோட்டினேஸ் செரித்த பின் அதே ஆன்டிபாடி. எல்லாவற்றுக்கும் ஹெக்ஸ்ட். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் இட்ட சில செல்களையும் செரித்தும் செரிக்காமலும் சேர்த்துக்கொள்ளுங்கள்; செரித்த செல்லில் இரண்டாம் ஆன்டிபாடி தாறுமாறாக ஒட்டுவது உண்டு, அந்த ஒளியை நியூக்ளியோஃபாஸ்மின் என்று எண்ணிவிடாமல் இருக்க இந்தச் செல்கள்தான் துணை.